குப்பைய பிரிக்கிறதும் எருவாக்குறதும்: 34 வீட்டு தெருவுல நாங்க பண்ற விதம்

எங்க அப்பா ஊர்ல "வயலுக்கு குப்பை அடிச்சாச்சா"ன்னு கேப்பாங்க. அங்க குப்பைன்னா எருன்னு அர்த்தம். மாட்டுக்கொட்டாய்க்கு பின்னாடி ஒரு எருக்குழி இருக்கும், சாணி, கூளம், அடுப்பு சாம்பல், வாழைச்சருகு, சமையக்கட்டுல மிஞ்சினது எல்லாம் அதுல தான் போகும், கோடைல வண்டி கட்டி அள்ளிட்டு போய் வயல்ல கொட்டுவாங்க. இப்போ நான் இருக்கிறது கும்பகோணத்துக்கு பக்கத்துல ஒரு சின்ன பேரூராட்சி, தெருவுல 34 வீடு, மாடு ரெண்டே வீட்ல தான், எருக்குழி எங்கயும் கிடையாது, காலைல ஏழு மணிக்கு பேட்டரி வண்டி வரும், எல்லாரும் ஒரு கேரி பேக்ல சாம்பார், சாதம், நாப்கின், ட்யூப்லைட் துண்டு, பால் கவர்னு அத்தனையும் போட்டு இறுக்கி முடிச்சு போட்டு குடுத்துட்டு உள்ள போயிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் வண்டில வர்ற அக்கா எங்க வாசல்ல நின்னு அந்த மாதிரி ஒரு கவர பிரிச்சுட்டு இருந்தாங்க. ஊசிப்போன சாம்பார் சாதத்துக்குள்ள ஒரு ஷேவிங் பிளேடு. க்ளவுஸ் போட்டுருந்தாங்க, ஆனா அந்த மெல்லிசு க்ளவுஸ் பிளேடுக்கு எம்மாத்திரம், ஆள்காட்டி விரல் நல்லா கீறிடுச்சு. "கொஞ்சம் மஞ்சப்பொடி இருக்காம்மா"ன்னு கேட்டாங்க, அவ்ளோதான், யாரையும் ஒரு வார்த்தை திட்டல. அது எங்க வீட்டு கவரா எதுத்த வீட்டு கவரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது. அன்னிக்கு சாயங்காலமே பிரிக்க ஆரம்பிச்சேன், அப்புறம் ஒவ்வொரு வீடா சேர்ந்தாங்க. நிறைய பேர் எப்படி பண்றீங்கன்னு கேக்குறாங்க, அதான் ஒரே இடத்துல எழுதிடலாம்னு.

முதல்ல ஒண்ணு, தொட்டி வாங்க கடைக்கு ஓடாதீங்க. பச்சை தொட்டி நீல தொட்டி செட்டா வாங்கிட்டு ஒரு மாசத்துல அதுல துணி கிளிப் போட்டு வச்சிருக்கவங்கள எனக்கு தெரியும். உங்களுக்கு வேணுங்கிறது ஒரே ஒரு விஷயம், ஈரமானது காஞ்சதோட ஒட்டக்கூடாது. மத்த எல்லாமே இதுலேர்ந்து தானா வரும். ஒரு பேப்பர்ல ரசம் ஊத்திட்டா அத பழைய பேப்பர் கடைக்காரர் எடுக்க மாட்டார், மக்குற குப்பைல ஒரு ஷாம்பு பாக்கெட் விழுந்துட்டா அத யாராவது கைய விட்டு பொறுக்கணும், ரெண்டுமே தனித்தனியா இருந்தப்போ காசு, கலந்த நிமிஷத்துலேர்ந்து தொல்லை. அதனால சிங்க் பக்கத்துல ஓட்டை போட்ட ஒரு பழைய கூடை இல்லன்னா உடைஞ்ச வடிகட்டி, அதுக்கு அடியில ஒரு தட்டு, இது போதும். காய்கறி தோலு, டீத்தூள், மிஞ்சின சாதம் எல்லாத்தையும் அதுல போடுங்க, ராத்திரிக்குள்ள தண்ணி வடிஞ்சிடும். நாத்தத்துல முக்கால்வாசி அந்த தண்ணியால வர்றது தான், வடிஞ்ச குப்பை மறுநாள் காலை வரைக்கும் சாதுவா இருக்கும். கூடைக்குள்ள கவர் விரிக்காதீங்க, வேணும்னா நியூஸ் பேப்பர் ஒரு தாள் போடுங்க.

எது மக்கும் எது மக்காதுன்னு ஸ்கூல் பசங்கள கேட்டா கூட சொல்லிடுவாங்க, ஆனா வீட்ல குழப்பம் வர்றது நடுவுல மாட்டுறதுல தான். டீக்கடை பேப்பர் கப் பேப்பர் இல்ல, உள்ள மெல்லிசா பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1லேர்ந்து தடை பண்ண 14 வகைல அதுவும் சேர்த்தி, ஆனா இன்னும் எல்லா டீக்கடைலயும் சிரிச்சுட்டு இருக்கு. ஜவுளிக்கடைல குடுக்குற துணி மாதிரி பை இருக்கு பாருங்க, தொட்டா துணி மாதிரி தான் இருக்கும், கொளுத்தி பாத்தா உருகும், அது பாலிபுரொப்பிலீன், அதையும் துணின்னு நம்பி மண்ணுல போட்டுடாதீங்க. எங்க அத்தை ஆறு மாசம் அத தோட்டத்துல புதைச்சு வச்சுட்டு "மக்கும்டி மக்கும்டி"ன்னாங்க, தோண்டி எடுத்தப்போ கடை பேரு கூட அழியல. சாமி பூ மக்கும், ஆனா நைலான் நூல்ல கட்டினதா வாழைநார்ல கட்டினதான்னு பாத்து போடணும். தேங்காய் சிரட்டை மக்கும், எப்போன்னு கேக்காதீங்க, அத வெந்நீர் அடுப்புக்கு வச்சுக்கலாம் இல்ல செடித்தொட்டி அடியில கவுத்து போடலாம். முட்டை ஓட்ட நொறுக்கி போட்டா செடிக்கு சுண்ணாம்புச்சத்து. தலைமுடி மக்கும் ஆனா கொத்தா போட்டா கயிறு மாதிரி சுத்திக்கும், கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. ஊறுகாய், அப்பளம், கருவாடுன்னு உப்பு ஜாஸ்தியா இருக்கிறத எருவுக்கு போடாதீங்க, உப்பு மண்ணுல தங்கிடும்.

காஞ்ச குப்பைக்கு கதவு பின்னாடி ஒரு அரிசி சாக்கு மாட்டி வச்சா போதும். எங்க வீட்ல நாலு பேர், ரெண்டு வாரத்துக்கு ஒரு சாக்கு தான் ரொம்புது, அதுவும் பாதி காத்து. இதுல ஒரே ஒரு வேலை இருக்கு, கழுவுறது. பாத்திரம் கழுவி முடிச்ச தண்ணில பால் கவர், எண்ணெய் கவர், மாவு பாக்கெட் இதெல்லாம் ஒரு அலசு அலசி சிங்க் மேல உள்ள கம்பில கிளிப் போட்டு விட்டா காலைல காஞ்சிருக்கும். சுத்தமான பால் கவர காயலான் கடையில கிலோ கணக்குல எடுத்துக்கிறாங்க, கழுவாதத தூரத்துலயே வேண்டாம்னுடுவாங்க. பால் கவர வெட்டும்போது மூலைய முழுசா துண்டா வெட்டி எறியாதீங்க, பாதி வெட்டி தொங்க விடுங்க. அந்த சின்ன முக்கோண துண்டு இருக்கே, அத ஒருத்தரும் பொறுக்க முடியாது, சாக்கடைல போய் அடைக்கும், ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ரெண்டுன்னா கணக்கு போட்டு பாருங்க.

காயலான் கடை அண்ணன் எனக்கு பிளாஸ்டிக் தரம் பிரிக்க சொல்லிக்குடுத்தார், அவர் படிச்சது அஞ்சாவதுன்னு சொல்வார், ஆனா கையில எடுத்து ஒரு அமுக்கு, தரையில ஒரு தட்டு, சத்தத்த வச்சே இது என்ன ரகம்னு சொல்லிடுவார். நமக்கு அந்த அளவு வேண்டாம், பாட்டில் அடியில முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கும், 1 தண்ணி பாட்டில், ஜூஸ் பாட்டில், 2 ஷாம்பு பாட்டில், பினாயில் கேன், 5 சாப்பாடு பார்சல் டப்பா, இந்த மூணையும் விக்கலாம். பேப்பர், அட்டைப்பெட்டி, தகர டப்பா, இரும்பு, அலுமினியம் எல்லாம் தெரிஞ்ச கதை தான். பீங்கான், கண்ணாடி டம்ளர் எங்க ஊர்ல யாரும் எடுக்கிறதில்ல. மது பாட்டில்னா டாஸ்மாக்ல பத்து ரூபா ஜாஸ்தி வாங்கி பாட்டில் திருப்பி குடுத்தா அத திருப்பி தர்ற திட்டம் 2022ல நீலகிரில தொடங்குச்சு, அப்புறம் வேற மாவட்டங்களுக்கும் வந்துச்சு, குடிக்கிறவங்க வீட்ல அத ஞாபகப்படுத்துங்க.

மாட்டிக்கிறது சிப்ஸ் பாக்கெட், பிஸ்கெட் கவர், ஷாம்பு சாஷே. உள்பக்கம் வெள்ளியா மினுக்கும் பாருங்க, அது பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டினது, பிரிக்க முடியாது, எந்த கடையும் வாங்காது. இத தனியா ஒரு பைல போட்டு வண்டிக்கு குடுத்துடுங்க, இந்த மாதிரி விலை போகாத பிளாஸ்டிக்க நிறைய ஊர்லேர்ந்து அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்புறாங்க, அங்க சூளைல நிலக்கரிக்கு பதிலா எரியும். அந்த சூளை ஆயிரத்து நானூறு டிகிரிக்கு மேல போகும், நம்ம வீட்டு கொல்லைல தீக்குச்சி போட்டு எரிக்கிறது அந்த சூட்டுக்கு கிட்ட கூட வராது, அதனால டயாக்சின் மாதிரி விஷம் அப்படியே புகையோட வரும். "அங்க மட்டும் எரிக்கலாமா"ன்னு எதுத்த வீட்டு சித்தப்பா ஒவ்வொரு தடவையும் கேப்பார், அவருக்காக தான் இந்த ரெண்டு வரி.

அடுத்தது மூணாவது பை. இத தான் எல்லாரும் விட்டுடுறாங்க, எனக்கு இது தான் முக்கியம். நாப்கின், டயாபர், பிளேடு, ஊசி, காலாவதி மாத்திரை, பேட்டரி, பல்பு, கொசு மருந்து பாட்டில். நாப்கின்ன பழைய நியூஸ் பேப்பர்ல ரெண்டு சுத்து சுத்தி சிவப்பு பேனால ஒரு பெருக்கல் குறி போட்டு குடுங்க, எடுக்கிறவங்களுக்கு பிரிக்காமலே தெரியணும். கேரி பேக்ல போட்டு முடிச்சு போட்டா பிரிச்சு பாக்க தான் செய்வாங்க. டயாபர்ல உள்ளத முதல்ல டாய்லெட்ல தள்ளிட்டு அப்புறம் சுத்துங்க, கைக்குழந்தை இருக்க வீட்ல இத சொன்னா என்ன அடிக்க வருவாங்க, பரவால்ல. பிளேடுக்கு எங்க வீட்ல ஒரு பழைய பவுடர் டப்பா, மூடில ஒரு கீறல் போட்டு உண்டியல் மாதிரி வச்சிருக்கோம், ரெண்டு வருஷமா அது இன்னும் ரொம்பல, ரொம்பினா டேப் ஒட்டி மேல பிளேடுன்னு எழுதி கையில குடுப்போம். சுகருக்கு இன்சுலின் போடுறவங்க போட்ட உடனே ஊசிய மூடி உள்ள ஒரு கெட்டியான பாட்டில்ல போட்டு வைங்க. உடைஞ்ச கண்ணாடிய அட்டைப்பெட்டில வச்சு கட்டி எழுதி குடுங்க. ட்யூப்லைட்டுக்கும் சிஎஃப்எல் பல்புக்கும் உள்ள பாதரசம் இருக்கு, உடைக்காம குடுக்கணும். 2016 திடக்கழிவு விதிலயே மக்குறது, மக்காதது, வீட்டு அபாய குப்பைன்னு மூணா பிரிச்சு குடுக்கணும்னு இருந்துச்சு, நாம என்னமோ வண்டிக்காரங்களுக்கு உபகாரம் பண்ற மாதிரி நினைச்சுக்கிறோம்.

இப்போ எரு. இதுல தான் நான் நிறைய அடி வாங்கினேன், அதனால கொஞ்சம் விலாவாரியா.

மூணு பழைய பெயின்ட் பக்கெட், 20 லிட்டர், மூடியோட. பெயின்டர்ட்ட கேட்டா குடுப்பார். கம்பிய அடுப்புல பழுக்க காய்ச்சி பக்கத்துல நாலு வரிசை ஓட்டை, அடியில எட்டு பத்து ஓட்டை போடுங்க, ஜன்னல் பக்கம் நின்னு போடுங்க, புகை வரும். ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க, அடியில ஒரு தட்டு. கொல்லை இல்லன்னா மொட்டை மாடி, மாடியும் இல்லன்னா பின்வாசல் படிக்கட்டு, வெயில் நேரா அடிக்காம மழை சாரல் படாம ஒரு மூலை போதும்.

அடியில நாலு விரல் உயரத்துக்கு தேங்காய் நார் இல்லன்னா காஞ்ச குச்சி. அதுக்கு மேல சருகு. அதுக்கு மேல ரெண்டு கை பழைய எரு இல்லன்னா காஞ்ச சாணிய நொறுக்கி போடுங்க, இல்லவே இல்லன்னா வேப்பமரத்தடி மண்ணு, அதுல கிருமி எல்லாம் ஏற்கனவே இருக்கும், அது தான் உறை. ஆமா, தயிருக்கு உறை ஊத்துற மாதிரி தான். அப்புறம் தினமும் சமையக்கட்டு கூடைய கவுக்க வேண்டியது, அது எவ்ளோ இருக்கோ அதே அளவோ கொஞ்சம் ஜாஸ்தியாவோ சருகு மேல போட வேண்டியது, மூட வேண்டியது. முருங்கைக்கீரை தண்டு, வாழைப்பூ மடல் மாதிரி பெருசா இருக்கிறத மட்டும் ரெண்டு வெட்டு வெட்டி போடுங்க. மூணு நாளைக்கு ஒரு தடவை குச்சியால கிளறி விடுங்க. வாரத்துக்கு ஒரு தடவை புளிச்ச மோர் அரை டம்ளர்ல ஒரு துண்டு வெல்லம் கரைச்சு தெளிச்சா வேகம் புடிக்கும், தெளிக்காட்டியும் குடி முழுகாது.

எல்லாரும் தோத்துப்போற இடம் சருகு. காய்கறி தோலுல நைட்ரஜன், சருகுல கார்பன், எடைல முப்பது பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் இருந்தா கிருமிக்கு சரியா இருக்கும்னு கணக்கு, நாம தராசு வச்சுட்டு உக்கார முடியுமா, அதனால கொள்ளளவுல சமமா போட்டா ஏறக்குறைய வந்துடும். சருகு கம்மியானா உள்ள காத்து போகாது, காத்து இல்லாத இடத்துல வேற கிருமி வேலை பாக்கும், அப்போ தான் அந்த சாக்கடை நாத்தம். மாசி பங்குனில தெருவெல்லாம் வேப்பஞ்சருகும் புங்கஞ்சருகும் கொட்டும், கூட்டி தீ வைப்பாங்க, அப்போ போய் நாலு சாக்கு அள்ளி வச்சுடுங்க, வருஷத்துக்கு வரும். மாவிலை, தேக்கு இலை கெட்டி, மக்க நாளாகும், நொறுக்கி போடணும். சருகே கிடைக்கலன்னா மரக்கடை ரம்பத்தூள், தேங்காய் நார் துகள், இல்ல கிழிச்ச அட்டைப்பெட்டி.

ஈரம் சரியா இருக்கான்னு பாக்க ஒரு கை அள்ளி இறுக்கி பிழிங்க. ஒரு சொட்டு ரெண்டு சொட்டு விரலிடுக்குல வந்தா சரி. தண்ணியா ஒழுகினா சருகு போட்டு கிளறுங்க, பிழிஞ்சதும் பொலபொலன்னு உதிர்ந்தா தண்ணி தெளிங்க. கைய விட அருவருப்பா இருந்தா க்ளவுஸ் போட்டுக்கோங்க, ஆனா பத்து நாள்ல நீங்களே வெறுங்கைய விடுவீங்க, மழை பெஞ்ச மண்ணு வாசனை தான் வரும்.

முதல் பக்கெட்ல நான் பண்ண தப்பு சாதம். மூணு நாள் பழைய சாதத்த மொத்தமா கொட்டினேன், அது பசை மாதிரி ஒட்டி நடுவுல ஒரு தகடா நின்னுடுச்சு, கீழ காத்தே போகல, அஞ்சாவது நாள் பக்கத்து வீட்லேர்ந்து "உங்க வீட்ல எலி ஏதும் செத்துருக்கா"ன்னு கேட்டு ஆள் வந்துடுச்சு. சாதம், இட்லி, உப்புமா எல்லாம் போடலாம், ஒரு கை அளவா சருகோட பிசைஞ்சு போடணும். மீன் முள்ளு, கறி எலும்ப பக்கெட்ல போடாதீங்க, எலியும் நாயும் வரும், இடம் இருந்தா ஒரு முழம் ஆழத்துக்கு தோண்டி செடியடியில புதைச்சுடுங்க.

ரெண்டாவது பக்கெட்ல புழு. ஒரு நாள் காலைல அத்தை மூடிய தொறந்துட்டு போட்ட சத்தத்துல நாலு வீட்டு ஆளு ஓடி வந்துடுச்சு. உள்ள நூத்துக்கணக்குல, பழுப்பு கலந்த வெள்ளையா, அரிசி மணிய விட பெருசா, நெளிஞ்சுகிட்டு. தூக்கி கொட்ட சொல்லிட்டாங்க. நான் தேடி பாத்தப்போ தான் தெரிஞ்சுது அது கருப்பு ராணுவ ஈயோட புழு, கடிக்காது, நோய் பரப்பாது, அந்த ஈ வளந்தப்புறம் நம்ம சாப்பாட்டு மேல வந்து உக்காரவும் செய்யாது, இந்த புழு இருக்க இடத்துல சாதாரண வீட்டு ஈ முட்டை போடுறதும் குறையும். அது சாப்பிடுற வேகத்துக்கு உங்க பக்கெட் ரொம்பவே ரொம்பாது. கோழி வளக்குறவங்க இருந்தா கேட்டு வாங்கிட்டு போவாங்க. பொறுத்துக்க முடியலன்னா சருகு நிறைய போட்டு ஈரத்த குறைங்க, தானா போயிடும். குட்டி குட்டியா பழ ஈ பறந்தா மேல ரெண்டு விரல்கடை மண்ணோ சருகோ மூடி, ஒரு கை வேப்பம்புண்ணாக்கு தூள் தூவுங்க. எறும்பு வந்தா உள்ள காய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

ஐப்பசி கார்த்திகைல எங்க பக்கம் மழை விடாது, அப்போ சருகு சாக்கு நனைஞ்சா கதை முடிஞ்சுது, சாக்க வீட்டுக்குள்ள வைங்க, பக்கெட் மேல ஒரு தகரம் சாய்ச்சு வைங்க. கீழ தட்டுல காப்பித் தண்ணி மாதிரி வடியுறத ஒண்ணுக்கு பத்து பங்கு தண்ணி கலந்து செடிக்கு ஊத்தலாம், அப்படியே ஊத்தினா செடி கருகும், நான் ஒரு செம்பருத்திய அப்படி காலி பண்ணேன்.

நாலு பேர் வீட்ல ஒரு பக்கெட் ரொம்ப மூணு நாலு வாரம் ஆகும், தினமும் அமுங்கிகிட்டே போகும். ரொம்பினத மூடி ஓரமா வச்சுட்டு அடுத்தத ஆரம்பிங்க, மூணாவது ரொம்பும்போது முதல்து தயாரா இருக்கும். ஒரு ரெண்டு மாசம் வைங்க. எருவாயிடுச்சான்னு பாக்க, உள்ள என்ன காய் போட்டோம்னு அடையாளம் தெரியக்கூடாது, சூடு இருக்கக்கூடாது, மண்வாசனை வரணும். மணல் சலிக்கிற சல்லடைல சலிச்சா கீழ விழுறது எரு, மேல நிக்கிற குச்சி, மாங்கொட்டை எல்லாம் அடுத்த பக்கெட்டுக்கு உறை. எங்களுக்கு ஒரு பக்கெட்டுக்கு நாலஞ்சு கிலோ வருது. மண்ணு ரெண்டு பங்கு, எரு ஒரு பங்குன்னு கலந்து செடி வைங்க. ஒண்ணு மட்டும், பெரிய குவியலா போட்டா உள்ள 55, 60 டிகிரி சூடு ஏறி விதையெல்லாம் செத்துடும், 20 லிட்டர் பக்கெட்ல அவ்ளோ சூடு ஏறாது, அதனால நீங்க ரோஜாவுக்கு போட்ட எருவுலேர்ந்து தக்காளியும் பூசணியும் முளைக்கும். எங்க வீட்ல கேக்காமலே வந்த பப்பாளி ஒண்ணு இப்போ காய்க்குது.

தெருவுக்கு வருவோம். ஒரு வீட்ல பண்றது சுலபம், 34 வீடுன்னா குணம் 34. நான் பண்ண முதல் தப்பு வாட்ஸ்அப் குரூப்ல நீளமா எழுதி போட்டது, எல்லாரும் கைகூப்பி ஒரு பொம்மைய போட்டுட்டு மறுநாள் அதே கேரி பேக்க குடுத்தாங்க. வேலைக்கு ஆனது வாசல்ல நின்னு பேசினது தான். வண்டி வர்ற நேரத்துக்கு நானும் வாத்தியார் வீட்டு பெரியம்மாவும் பதினஞ்சு நாள் வண்டியோட கூடவே நடந்தோம், கலந்து குடுத்தவங்கட்ட சண்டை போடாம, "கொஞ்சம் இருங்க, பிரிச்சுடலாம்"னு அவங்க வாசல்லயே கீழ விரிச்சு பிரிச்சோம். தன் வீட்டு குப்பைய எழுபது வயசு பெரியம்மா உக்காந்து பொறுக்குறத ஒருத்தராலயும் ரெண்டு நாளைக்கு மேல பாக்க முடியல. வண்டி அக்காட்ட முன்னாடியே பேசிட்டு ஆரம்பிங்க, அவங்களுக்கு எந்த தெரு எத்தன மணி, எங்க லேட்டாகும்னு எல்லாம் கணக்கு இருக்கு, நாம நடுவுல போய் வேலைய இழுத்துவிடக்கூடாது. வெயில்ல ஒரு சொம்பு மோர் குடுக்கலாம், சில வீட்ல அதுக்குன்னு தனி டம்ளர் எடுத்தாங்க, அந்த சண்டைய நான் போட்டேன், அத இங்க எழுதல.

"நாம பிரிச்சு குடுத்து என்ன, வண்டில ஒண்ணா தான கொட்றாங்க"ன்னு கண்டிப்பா ஒருத்தர் சொல்வார். எங்க தெருலயும் அது உண்மையா தான் இருந்துச்சு, வண்டில தடுப்பு உடைஞ்சு கிடந்துச்சு. நாலு பேரா வளம் மீட்பு பூங்காவுக்கு போய் பாருங்க, நிறைய பேரூராட்சில இருக்கு, ஊருக்கு வெளிய மண்புழு உரத்தொட்டியும் பிரிக்கிற ஷெட்டும் இருக்கும், யார் வேணாலும் கேட்டுட்டு போய் பாக்கலாம். பாத்துட்டு ஆபீஸ்ல மனுவ எழுதி குடுத்து ரசீது வாங்கிக்கோங்க, வாயால சொன்னா காத்தோட போச்சு. எங்களுக்கு ரெண்டு மனு, மூணு மாசம் ஆச்சு. அது வரைக்கும் வண்டில ரெண்டு பழைய டிரம் வச்சு கட்டி ஓட்டினோம்.

தெரு முனைல ஒரு இடம் இருக்கும், வண்டிய தவற விட்டவங்க ராத்திரில கவர வீசிட்டு போற இடம். அங்க போர்டு வைக்காதீங்க, போர்டுக்கு கீழயே போடுவாங்க. மாடு அந்த கவர முடிச்சோட சேர்த்து தின்னுடும், உள்ள இருக்க சாதத்துக்காக. நாங்க ஒரு ஞாயித்துக்கிழமை சுத்தமா அள்ளி, சாணி தெளிச்சு, பெருசா கோலம் போட்டு ரெண்டு செம்பருத்தி வச்சோம், ஒரு மாசம் தினமும் கோலம், முறை வச்சுகிட்டு. கோலத்து மேல குப்பை போட நம்ம ஊர்ல யாருக்கும் கை வராது. கூடவே, வேலைக்கு சீக்கிரம் போறவங்க பைய யார் வீட்டு திண்ணைல வச்சுட்டு போகலாம்னும் முடிவு பண்ணுங்க, இல்லன்னா அவங்க வேற முனைய தேடிக்குவாங்க.

விசேஷ நாளுக்கு தனி கணக்கு. ஆயுதபூஜை முடிஞ்சா வாழைக்கன்னு, தோரணம், உடைச்ச பூசணி, பொங்கலுக்கு கரும்பு சக்கை, இதெல்லாம் பக்கெட்ல அடங்காது. வாழைத்தண்டு, பூசணி, கரும்பு தோகை எல்லாம் மாட்டுக்கு போகட்டும், பூசணில தடவின குங்குமத்தையும் உள்ள போட்ட காசையும் எடுத்துட்டு. கரும்பு சக்கைய காயவச்சு வெட்டினா சருகுக்கு பதிலா அருமையா இருக்கும். கல்யாணம் காதுகுத்துன்னா இலை எடுக்கிற ஆளுக்கிட்ட முன்னாடியே ரெண்டு அண்டா குடுத்துடுங்க, தண்ணி பாட்டிலும் ஐஸ்கிரீம் கப்பும் ஒண்ணுல, இலை ஒண்ணுல, இலையோட பிளாஸ்டிக் ஸ்பூன் போனா மாட்டுக்கு குடுக்க முடியாது. தீபாவளி வெடி பேப்பர எருவுக்கு போடாதீங்க, மருந்து இருக்கும். போகிக்கு பழைய பாய், கிழிஞ்ச துணி, துடைப்பம் சரி, டயரும் பிளாஸ்டிக்கும் வேண்டாம், எங்க தெருவுல பசங்கட்ட டயர குடுத்தா அம்பது ரூபான்னு சொல்லி ராத்திரியே வாங்கி பூட்டி வச்சுட்டோம்.

கடைசியா எல்லாரும் கேக்குறது, பத்து நாள் ஊருக்கு போனா பக்கெட்ட என்ன பண்றதுன்னு. ஒண்ணும் பண்ண வேண்டாம். போறதுக்கு முன்னாடி நல்லா கிளறி, ரெண்டு மடங்கு சருகு போட்டு மூடிட்டு போங்க, அது பாட்டுக்கு இருக்கும். சமையக்கட்டு கூடைய மட்டும் காலி பண்ணிட்டு போங்க, நான் போன மே மாசம் மறந்துட்டு போனேன், திரும்பி வந்து கதவ தொறந்தப்போ அத்தை வாசல்லயே உக்காந்துட்டாங்க.